வைரஸ் நோய்க்கு மூலிகையில இருந்து மருந்து எடுக்கவே முடியாதா, ஏன் எல்லாமே கெமிக்கல் மாத்திரையாவே இருக்கு?

முடியும்ங்க, ஏற்கனவே இயற்கையைப் பாத்து எடுத்தும் இருக்காங்க, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இலையை அரைச்சு மாத்திரையா உருட்டுன கதை இல்ல அது. மைக்ரோபயாலஜி படிச்சிட்டு செடி எக்ஸ்ட்ராக்ட்டை, அதாவது செடியில இருந்து இறக்குன சாரத்தை, வைரஸ் மேல போட்டுப் பாக்குற லேப்ல கொஞ்ச காலம் வேலை பாத்தவன் நான், அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

அக்கி வந்தா டாக்டர் அசைக்ளோவிர்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுப்பாங்கல்ல, 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அஞ்சு வேளை. அதோட பூர்வீகத்தைத் தேடிப் போனா கரீபியன் கடல்ல இருக்குற ஒரு கடற்பஞ்சுல (ஸ்பாஞ்ச்னு சொல்ற கடல் உயிரினம்) போய் நிக்கும். 1950கள் தொடக்கத்துல வெர்னர் பெர்க்மன்னு ஒரு கெமிஸ்ட் அந்தப் பஞ்சுல இருந்து சில பொருட்களைப் பிரிச்சாரு, பாக்க அச்சு அசல் டிஎன்ஏ கட்டுற பொருள் மாதிரியே இருக்கு, ஆனா உள்ள ஒட்டியிருக்குற சர்க்கரை மட்டும் வேற. அட, சர்க்கரையை மாத்துனா செல்லையே ஏமாத்தலாம் போலயேன்னு கெமிஸ்டுங்களுக்கு ஒரு பொறி தட்டுச்சு. 1960ல விடாரபின்னு ஒண்ணைச் செஞ்சாங்க, செஞ்சது கேன்சருக்கு, ஆனா அது ஹெர்பிஸ் வைரஸை (அக்கி வைரஸும் இந்தக் குடும்பம்தான்) அடக்குதுன்னு 1964ல தெரிஞ்சது. அந்த வழியிலயே போய்த்தான் கெர்ட்ரூட் எலியன்னு ஒரு மருந்து ஆராய்ச்சியாளரோட டீம் 1970கள்ல அசைக்ளோவிரைக் கொண்டு வந்தாங்க, அந்தம்மாவுக்கு 1988ல நோபல் பரிசும் கிடைச்சது.

அசைக்ளோவிர் உள்ள போனதும் நம்ம நல்ல செல் அதைக் கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. ஹெர்பிஸ் வைரஸ் கூடவே கொண்டு வர்ற தைமிடின் கைனேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, மருந்து வேலை செய்ய அது மேல பாஸ்பேட்னு சின்ன ரசாயனத் துண்டு மூணு ஏறணும், அதுல முதல் துண்டை இந்த என்சைம்தான் மாட்டிவிடும், மீதி ரெண்டை நம்ம செல்லோட என்சைம் மாட்டும், அதுக்கப்புறம் வைரஸ் தன்னோட டிஎன்ஏவை நீட்டும்போது இதையும் சேத்துக் கோத்துடும், அதோட சங்கிலி அறுந்துது. அதாவது வைரஸ் இருக்குற செல்லுல மட்டும்தான் மருந்து முழிக்கும். இந்த நுணுக்கம் கடற்பஞ்சுல இல்ல, மனுஷன் செஞ்சது. ஆனா பஞ்சு இல்லன்னா அந்த யோசனை எப்ப வந்திருக்குமோ யாருக்குத் தெரியும்.

இப்ப லேப் பக்கம் வாங்க. சின்னச் சின்ன குழி இருக்குற பிளேட்டுல வீரோ செல்னு ஒரு குரங்கோட கிட்னி செல்லை வளத்து, அதுல வைரஸை விட்டு, மேல எக்ஸ்ட்ராக்ட்டை ஊத்தி, சில நாள் கழிச்சு கிரிஸ்டல் வயலட் சாயம் போடுவோம். உயிரோட ஒட்டியிருக்குற செல் ஊதாவா நிக்கும், வைரஸ் கொன்ன இடம் மட்டும் வெள்ளை வெள்ளையா ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டை குறைஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பல செடியில ஓட்டை குறையத்தான் செய்யும்! ஆனா பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. கடுக்காய், மாதுளைத் தோல் மாதிரி துவர்ப்பு ஜாஸ்தியா இருக்குறதுல டானின் நிறைய இருக்கும், அது எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கும், வைரஸ் மேலயும் ஒட்டும், அதனால பிளேட்டுல ரிசல்ட் பிரமாதமா வரும், ஆனா வாய் வழியா குடிச்சா அது அந்த அளவுல ரத்தத்துக்கே போய்ச் சேராது. இன்னொரு பக்கம், எக்ஸ்ட்ராக்ட்டே செல்லைக் கொஞ்சம் நோகடிச்சா அதுல வைரஸும் பெருகாது, பாக்குறவங்க வைரஸ்தான் அடங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. அதனால செல் சாகுற டோஸுக்கும் வைரஸ் அடங்குற டோஸுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாக்காம "இந்த மூலிகை வைரஸைக் கொல்லும்"னு நியூஸ் வந்தா தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஃபார்வர்டும் பண்ணாதீங்க.

நம்ம ஊர்ல இதுக்குப் பெரிய உதாரணம் கீழாநெல்லி. கல்லீரலைத் தாக்கி காமாலை கொண்டு வர்ற ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்குன புளூம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்த தியாகராஜனும் சேந்து இதுல இறங்குனாங்க, சும்மா நாட்டு வைத்தியம்னு யாரும் ஒதுக்கித் தள்ளல. 1988ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல வந்த ரிசல்ட்ல, 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 கேரியர்ல (வைரஸை உடம்புல சுமந்துக்கிட்டு இருக்குறவங்க) 22 பேருக்கு ரத்தத்துல இருந்த வைரஸ் ஆன்டிஜென், அதாவது வைரஸ் இருக்குன்னு காட்டுற அதோட புரதம், காணாமப் போச்சு, மருந்தே இல்லாத டம்மி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி ஆச்சு. உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா அப்புறம் தாய்லாந்துலயும் நியூசிலாந்துலயும் செஞ்சு பாத்தப்போ அந்தப் பலன் கிடைக்கல. எங்க பறிச்ச செடி, எந்த மாசத்துல பறிச்சது, எப்படிக் காய வெச்சது, இதெல்லாம் மாறுனா உள்ள இருக்குற சரக்கும் மாறும், ஒருவேளை அது காரணமா இருக்கலாம், இல்ல முதல் ரிசல்ட்டே சின்ன ஸ்டடியோட தற்செயலா இருக்கலாம். என் அபிப்பிராயம், எந்த மூலக்கூறு வேலை செய்யுதுன்னு தனியாப் பிரிச்சு எடுத்து, ஒவ்வொரு பேட்ச்லயும் அது அதே அளவு இருக்கான்னு பாக்குற வேலையை நம்ம ஊர் லேப்கள் இன்னும் பல மடங்கு செய்யணும், அதுக்குக் காசும் பொறுமையும் வேணும். அதைச் செய்யாம பெருமை மட்டும் பேசுறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது.

பிரியாணியில போடுற அன்னாசிப்பூ இருக்குல்ல, டாமிஃப்ளூங்குற ஃப்ளூ காய்ச்சல் மருந்து செய்ய ஆரம்பப் பொருளான ஷிகிமிக் அமிலம் அதுல இருந்துதான் ரொம்ப நாள் எடுத்தாங்க. ஆனா அன்னாசிப்பூ கஷாயம் குடிச்சா டாமிஃப்ளூ ஆயிடாது, நடுவுல பல படி கெமிஸ்ட்ரி இருக்கு.

"எங்க பாட்டி கீழாநெல்லி குடுத்துதான் காமாலை போச்சு"ன்னு நிறைய பேர் சொல்றாங்க, பொய் சொல்லல அவங்க. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாவே சரியாயிடும், பெரியவங்களுக்குப் புதுசா வர்ற ஹெபடைடிஸ் பியும் 100ல 95 பேருக்குத் தானாப் போயிடும். தங்கிப் போறது பெரும்பாலும் பிறக்கும்போது அம்மாகிட்ட இருந்து தொத்துன குழந்தைகளுக்குத்தான், அதுக்குத்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி போடச் சொல்றாங்க.

அதனால உங்க வீட்ல யாருக்காவது ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் (மேல சொன்ன அதே ஹெபடைடிஸ் பி ஆன்டிஜென்) பாசிட்டிவ்னு 6 மாசத்துக்கு மேல இருந்தா ஹெபடைடிஸ் பி டிஎன்ஏ அளவும் எல்எஃப்டியும் (லிவர் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற ரத்த டெஸ்ட்) பாத்துட்டு லிவர் டாக்டர்கிட்ட போங்க. தேவைப்பட்டா டெனோஃபோவிர்னு வைரஸை அடக்குற மாத்திரை குடுப்பாங்க, 2018ல தொடங்குன தேசிய திட்டத்துல அது அரசு ஆஸ்பத்திரியில இலவசம். அந்த மாத்திரையை நிறுத்திட்டு மட்டும் மூலிகைக்கு மாறாதீங்க, திடீர்னு நிறுத்துனா அடங்கியிருந்த வைரஸ் மறுபடி கிளம்பி லிவரையே பதம் பாத்துடும்.