ஹெர்ஸலுக்கு முன்பே சீயோனிய எண்ணம் எப்படித் தோன்றியது?

முன்னோடிச் சீயோனியம் என்பது, தியோடர் ஹெர்ஸல் என்ற எழுத்தாளர் பெரிய அமைப்பாகத் திரட்டும் முன்பே யூதர்களிடையே எழுந்த ‘பாலஸ்தீனம் போய்க் குடியேறுவோம்’ என்ற எண்ணம். மெசியா (மீட்பர்) வரட்டும் என்று கைகட்டி உட்காராமல் நாமே நிலம் வாங்கி உழலாம் என்று 1862-இல் எழுதினார் பிரஷ்யாவின் தோர்ன் நகர ரபி (யூத மதகுரு) காலிஷர். பலர் கண்டுகொள்ளவில்லை.

1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் பழி யூதர்கள்மேல் விழுந்து, அவர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஊரோடு ஒத்து வாழ்ந்தால் போதும் என்றிருந்த ஒதெசா நகர மருத்துவர் பின்ஸ்கரே, யூதர்களுக்கெனச் சொந்த நிலம் வேண்டும் என்று மனம் மாறினார். ஒழுங்காக வாடகை கொடுத்தும் சாமான்கள் தெருவில் வீசப்பட்டவர் சொந்த வீடு தேடுவதைப் போலத்தான். (தேடிய இடத்தில் அரேபியர்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள் என்பதை இந்த ஒப்புமை சொல்லாது.) பெரும்பாலோர் அமெரிக்காவுக்கே கப்பலேறினார்கள், சிலர் மட்டும் 1882-இல் பாலஸ்தீனத்தில் ரிஷோன் லெசியோன் கிராமத்தை அமைத்தார்கள்.

எல்லாம் ஹெர்ஸலின் 1897 பாசல் மாநாட்டில்தான் தொடங்கியது என்பது தவறு. 1884-இலேயே ‘சீயோன் நேசர்கள்’ என்ற குடியேற்ற ஆதரவுக் குழுவினர் கட்டோவிட்சில் (இன்று போலந்தில் உள்ள நகரம்) மாநாடு கூட்டிவிட்டார்கள்.