தியானச் செயலியைப் போட்டால் அம்மாவுக்குப் படபடப்பு கூடுகிறதா?

அவர் இப்போது கண்ணை மூடி, இயர்போன் மாட்டிச் செய்கிற 20 நிமிட அமர்வை விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்தபடியே செய்கிற 3 நிமிட மூச்சுப் பயிற்சி ஒன்றை அதே செயலியில் தேடி, தரவிறக்கி வைத்துக் கொடுங்கள்.

மறதி நோய் உள்ள அப்பாவை 68 வயது அம்மா தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தோன்றும் காரணம் அதுதான். எழுந்துவிட்டாரா, கதவைத் திறக்கிறாரா என்று அவர் காது எந்நேரமும் அப்பா பக்கமே இருக்கும். அப்படிப்பட்டவரிடம் கண்ணை மூடு, இயர்போனை மாட்டு என்றால் மனசு எப்படி ஒப்பும்? ஸ்பீக்கரில் மெதுவாக ஓடட்டும். அப்பாவைப் பார்த்தபடியே உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீளமாக்கினால் போதும்.

சரிதானா என்று பார்க்க, நீங்கள் அப்பாவோடு இருக்கும்போது, அம்மா வேறு அறையில் பழைய அமர்வையே செய்யட்டும். நிம்மதியாக முடித்தால் காரணம் அந்தக் காவல்தான். அப்போதும் தவித்தால் கண்ணை மூடுவதே அவருக்கு ஒத்துவராமல் இருக்கலாம். நடந்துகொண்டே செய்யும் பயிற்சிக்கு மாற்றுங்கள்.

அப்புறம், ‘இன்று தவறவிட்டீர்கள்’ என்று வரும் நினைவூட்டலை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவரை அது இன்னும் வாட்டும்.

ஒன்று மட்டும்: தூக்கமின்மை, அழுகை, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் செயலியை நம்பியிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே. வாரத்தில் ஒரு மதியமாவது அப்பாவை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஓய்வை எந்தச் செயலியும் தராது.