விழித்த நிலையில் மூளை அறுவை: அப்பாவுக்கு வலிக்குமா?

அப்பாவின் மூளையிலுள்ள கட்டியை எடுக்க, அவரை விழித்த நிலையில் வைத்து அறுவை செய்யப்போகிறார்கள், வலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்குள் கை வைப்பது வலிக்காது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வே இல்லை. வலிப்பது தலைத்தோலும் மூளையுறையும்தான். தோல் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பல இடங்களில் மண்டையோட்டைத் திறக்கும்வரை தூங்கவைத்து, பிறகே எழுப்புவார்கள்.

கட்டி பேச்சுப் பகுதிக்கு அருகில் என்கிறீர்கள். எழுப்புவது அநேகமாக அதனால்தான். லேசான மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொடும்போது, காட்டும் படத்தின் பெயர் அவர் வாயில் வராமல் போனால், அந்த இடத்தை வெட்டாமல் விடுவார்கள்.

எந்த மொழியில் சோதிப்பார்கள் என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அப்பா வீட்டில் தமிழும் வேலையில் தெலுங்கும் பேசுபவர் என்பதால், இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மொழிக்கான இடம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

நடுவில் வலிப்பு வரலாம். மூளையின்மேல் குளிர்ந்த உப்புநீர் ஊற்றி அடக்குவார்கள். அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் பேச்சு தடுமாறலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். திடீரென்று மோசமானால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.