எங்கள் அடுக்குமாடி வாசலில் வாகன நம்பர் வாசிக்கும் கமரா பூட்டப் போகிறார்கள். எதிர்த்தால் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

இப்படிக் கேட்டிருக்கும் நீங்களும் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். "பிழை செய்யாதவனுக்கு ஏன் பயம்?" என்று உங்கள் கமிட்டித் தலைவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தலைவரும் அதே வசனத்தைத்தான் கேட்டார். இவர்களுக்கெல்லாம் யாரோ ஒரே இடத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள் போல.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கமராவே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. கீழ்த்தளத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் களவு போனபோது சிசிடிவிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் சிசிடிவியில் ஒன்றைத் தேடுவதென்றால் ஒருவர் மணிக்கணக்காகக் குந்தியிருந்து பார்க்கவேண்டும். இந்தக் கமரா நம்பர் பிளேட்டை எழுத்தாக்கி, திகதி நேரத்தோடு பதிந்துகொண்டே போகும். ஒரு நம்பரைத் தட்டினால் போதும், அந்தக் கார் மூன்று மாதமாக எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது எல்லாம் வரிசையாக வரும். இதை எங்கள் கூட்டத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

என் கதை இது. 2019இல் என் ஆல்டோ காரை ஓபன் பேப்பரில், அதாவது வாங்குகிறவரின் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தில், விற்றேன். (மடத்தனம்தான். அதற்காகக் கமெண்டில் வந்து வகுப்பு எடுக்கவேண்டாம், அப்போது எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் விற்றார்கள்.) வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. 2024 ஜனவரி 22இல் கொழும்பில் கமராவைப் பார்த்துத் தண்டப்பணம் எழுதத் தொடங்கினார்கள் அல்லவா, அதற்குச் சில மாதம் கழித்து ஒரு காலை நான் சவரம் செய்துகொண்டிருக்கையில் வாசலில் பொலிஸ்காரர். பாதி முகத்தில் நுரையோடு கதவைத் திறந்தேன். மாத்தயாவின் கார் சிவப்பு லைட்டைத் தாண்டியிருக்கிறது என்கிறார். கடிதத்தில் என் பெயர், என் விலாசம், ஐந்து வருடமாக நான் கண்ணால் காணாத காரின் நம்பர். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முன்வீட்டு அன்ரி தன் கதவை இரண்டு அங்குலம் திறந்து வைத்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியைத் தேடி எடுத்தேன். முகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு திட்டுத்தான் இருந்தது. அதைக் காவிக்கொண்டு மூன்று தடவை ஸ்டேஷனுக்கு அலைந்தேன். புரோக்கரின் போன் வேலை செய்யவில்லை. இவ்வளவுக்கும் கமரா ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்தான் வாசித்திருந்தது.

கடிதம் வேறு தனிச் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ வந்த 1957ஆம் ஆண்டையும், அந்த எழுத்துக்குத் தார் பூசிய நாட்களையும் அப்பா கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இனவாதம் கதைக்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால் உங்களுக்கும் ஏறும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் கூட்டத்தில் நான் எதிர்த்ததும் ஐந்தாம் மாடிப் பொடியன் கேட்டான்: "அண்ணை, நீங்கள் என்னத்தை ஒளிக்கிறீங்கள்?" யுத்த காலத்தில் வீட்டிலிருக்கும் எல்லோரின் விபரத்தையும் பொலிஸில் பதிந்து, அந்தப் படிவத்தின் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தவர்கள் நாங்கள். 2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த எங்கள் சனத்தைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள்தான் உயர் நீதிமன்றம் தடுத்தது. இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை, பழைய கதை என்பான். வெளிநாட்டுக் கதை சொன்னேன், எங்கள் ஆட்களிடம் அதற்குத்தான் மதிப்பு.

பேர்மிங்ஹாமில் 2010இல் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளைச் சுற்றி இருநூறுக்கு மேல் கமரா பூட்டினார்கள், பெரும்பாலானவை நம்பர் வாசிப்பவை. குற்றத்தைத் தடுக்க என்று சொன்னார்கள், காசு வந்தது பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து. சனம் திரண்டு எதிர்த்ததும் கமராக்களுக்குப் பை போட்டு மூடி, அடுத்த வருடம் கழற்றினார்கள். அமெரிக்காவில் ஒரோரா நகரில் 2020இல் ஒரு தாயோடு வந்த பிள்ளைகளைத் துப்பாக்கி முனையில் நிலத்தில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அதில் ஒன்றுக்கு ஆறு வயது. களவுபோன வாகனத்தின் நம்பரும் அவர்களுடைய நம்பரும் ஒன்றுதான், ஆனால் களவுபோனது வேறு மாநிலத்து மோட்டார் சைக்கிள்! 2024இல் நகரசபை 19 இலட்சம் டொலர் கொடுக்கச் சம்மதித்தது.

"அது லண்டன், இது வெள்ளவத்தை" என்றார் தலைவர். அவருக்குப் பேர்மிங்ஹாமும் லண்டன், அமெரிக்காவும் லண்டன். எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை, நான்காம் மாடி ஆச்சி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார், அதற்குக் காசில்லையாம். கமராவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை கணக்கு வரவில்லை.

பூட்டினார்கள். மூன்றாவது வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது: நம்பர் பிளேட்டைச் சுற்றிப் பச்சைக் கட்டம், கீழே 23:42. "இந்த வாகனம் தினமும் இந்நேரம் யார் வீட்டுக்கு வருகிறது?" போட்டது தலைவரேதான். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ரீச்சரின் தம்பி அது. வேலை முடிந்து அக்காவுக்கு இன்சுலின் போட வருகிறவர். ரீச்சர் பதில் எழுதவில்லை, குழுவிலிருந்து வெளியேறினார். அன்று இரவே வேறு ஆறு பெண்கள் வெளியேறினார்கள்.

நான் பேசி அசையாதது அதில் அசைந்தது. அவசரக் கூட்டம் போட்டோம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியது, முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போனது. ஆனாலும் எதற்காகச் சேர்க்கிறீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள் என்று கேட்க அது கை கொடுத்தது. 14 நாளில் அழிப்பது, பாஸ்வேர்ட் ஒருவரிடம் மட்டும், குழுவில் படம் போடக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள்.

அதனால் நீங்கள் வேண்டும் வேண்டாம் என்று மல்லுக்கட்டாமல், யார் பார்ப்பது, எத்தனை நாள் என்பதைப் பிடியுங்கள். பிடித்ததை மினிட்ஸில் எழுத வைத்து, ஒரு பிரதியைக் கையில் வாங்குங்கள். நாங்கள் வாயால் பேசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் கலைந்தோம். இப்போது புதுக் கமிட்டி, "அப்படியொரு முடிவு பதிவில் இல்லையே ஐயா" என்கிறது. வருகிற ஞாயிறு திரும்பவும் கூட்டம்.