இளம் வான்கோழி வேட்டையாளருக்கு வழிகாட்டுபவரின் பணி என்ன?

அமெரிக்காவில் முதன்முறையாக வான்கோழி வேட்டைக்குச் செல்லும் சிறுவர்களுக்குத் தன்னார்வ வழிகாட்டியாக இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பல மாநிலங்கள் வசந்தகால வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே சில நாட்களை இளையோருக்கென ஒதுக்குகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் வழிகாட்டல் வேட்டை விதிப்படி, வழிகாட்டி அச்சிறுவருக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

முதற்பணி பாதுகாப்பு. சேவலின், அதாவது ஆண் வான்கோழியின், தலை சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் தோன்றுவதால், பிற வேட்டைக்காரர்கள் ஆளைப் பறவையென்று தவறாக எண்ணாதிருக்க, அந்நிறங்களில் ஒரு கைக்குட்டைகூட வெளியே தெரியலாகாது. அமரும்போது தோள்களைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமர வேண்டும். வேறொருவர் நெருங்கி வந்தால் கையசைக்காமல், உரத்த குரலில் தாம் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். சேவலின் கூவலைத் தேடிப் பதுங்கிச் செல்வதும் கூடாது. அங்கே சேவலைப்போல் கூவுவது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம்.

பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அழைப்பது பெரும்பாலும் வழிகாட்டியின் வேலை. விடியலில் அது தோகை விரித்து நெருங்கும்போது சிறுவரின் மூச்சு வேகமாகும், துப்பாக்கி முனை நடுங்கும். அப்போது, மார்பில் மயிர்க்கற்றைபோல் தொங்கும் தாடியைப் பார்த்து உறுதிசெய்யவும், பறவை ஏறத்தாழ 35 மீட்டருக்குள் வந்து கழுத்தை நீட்டும்வரை பொறுக்கவும் காதருகே மெதுவாகச் சொல்ல வேண்டும். சுட வேண்டாமென்று சிறுவர் முடிவெடுத்தால், அதைத் தயங்காமல் மதிப்பவரே நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து.

சேர விரும்பினால் மாநில வனவிலங்குத் துறையையோ, 1973இல் தொடங்கப்பட்ட தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பின் உள்ளூர்க் கிளையையோ அணுகலாம்.