ஒளிப்படக் கேள்வி பதில்: வான்சாகசமும் போர் விமானங்களும்

வான்சாகசக் காட்சிகளில் போர் விமானங்களைப் படமெடுப்பது குறித்து வந்த கடிதங்களுள் ஐந்திற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகசத்தைக் காலை முதல் காத்திருந்து படமெடுத்தேன். வெயில் கொளுத்தியது; ஆனாலும் என் படங்களில் ரஃபேலும் சுகோயும் வெளிறிய வானத்தில் கருநிழல்களாகவே விழுந்திருக்கின்றன. கேமராவில் பழுதா, ஐயா?
வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: கேமராவில் பழுது இல்லை, வெயில் விழுந்த திசைதான் காரணம். அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையின் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 72 பாகை உயரத்தில், சற்றே தெற்கில் நிற்கும். காட்சி தொடங்கிய 11 மணிக்கு அது தென்கிழக்கில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்து நின்ற உங்களுக்கு அது முன்னால், வலப்பக்கம், தலைக்கு மேலே இருந்தது. விமானத்தின் முதுகில் முழு வெயிலும் விழ, நீங்கள் கண்டதோ நிழலில் கிடந்த அதன் அடிவயிற்றை. சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைத்திருந்த பளிச்சென்ற வானத்தைக் கேமரா அளந்து, அதற்கேற்ப ஒளியைக் குறைத்துக்கொண்டதால், நடுவே சிறிதாக இருந்த விமானம் மேலும் இருண்டுபோனது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, படத்தின் ஒளியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அளவுக்கு உயர்த்தி, சென்சார் கண்டதைச் சுருக்காமல் சேமிக்கும் ‘ராவ்’ கோப்பாகப் பதிவு செய்வது. வானம் சற்று வெளுக்கும். ஆனால் வயிற்றுப் பக்கத்தின் விவரங்கள் மீளும். விமானம் சாய்ந்து திரும்பித் தன் முதுகைக் காட்டும் நொடியில் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது அதே +1 வெயில் பட்ட இறக்கையை வெளுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு விமானமும் எங்கே சாய்கிறது என்பதை முதல் சுற்றில் கண்ணால் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் அந்த இடத்திற்காகக் காத்திருப்பதையே நான் சொல்வேன்.

இரண்டாவது வழி, நிற்கும் இடத்தை மாற்றுவது. என் பார்வையில் இதுவே முதன்மையானது. காட்சியின் மையம் கலங்கரை விளக்கத்தை ஒட்டி அமையுமானால், பட்டினப்பாக்கம் பக்கமாக நகர்ந்து நின்று வடக்கு நோக்கிப் படமெடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னே போய்விடும். விமானங்கள் சற்று விலகித் தெரிந்தாலும் அவற்றின் வண்ணமும் படைச்சின்னமும் படத்தில் வரும். எந்த ஊர்க் காட்சிக்குச் சென்றாலும், முந்தைய நாள் அதே நேரத்தில் அங்கே போய்ச் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாருங்கள். தண்ணீரும் தொப்பியும் உங்களுக்கும் உடன்வருவோருக்கும் கட்டாயம் வேண்டும். மெரினாவில் அன்று வெப்பத்தாலும் நெரிசலாலும் பலர் மயங்கினர், ஐந்து உயிர்கள் போயின என்பதை மறந்துவிட்டு ஒளியைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: சாரங் ஹெலிகாப்டர் அணியை 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். படம் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பார்த்தவர்கள், ‘நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைகள் போல இருக்கின்றன’ என்கிறார்கள். என்ன தவறு செய்தேன்?
வாசகி, சூலூர்

பதில்: சாரங் அணியின் இருப்பிடமே உங்கள் ஊர் என்பதால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன். அந்த அணி ஓட்டும் துருவ் ஹெலிகாப்டரின் மேல்விசிறி நிமிடத்திற்குச் சுமார் 300 முறை சுழல்கிறது. அதாவது ஒரு நொடியில் ஐந்து சுற்று, 1800 பாகை. 1/2000 நொடியில் விசிறி ஒரு பாகைகூட நகர்வதில்லை. நான்கு அலகுகளும் அசையாமல் நிற்பதுபோல் பதிவாகின்றன. அசையாத விசிறியோடு அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரைக் கண் நம்ப மறுக்கிறது. 1/125 நொடியில் அலகு ஏறத்தாழ 14 பாகை நகரும். 1/60 நொடியில் 30 பாகை. அந்த வேகங்களில்தான் சுழற்சி படத்தில் தெரியத் தொடங்கும்.

ஆனால் 1/125 நொடியில் உங்கள் கை நடுங்கினால் ஹெலிகாப்டரும் சேர்ந்து கலங்கிவிடும். அதனால் விமானத்தோடு கேமராவையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே எடுக்கும் ‘பேனிங்’ முறையைப் பழக வேண்டும். கால்களை அகட்டி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து மேலுடல் முழுவதையும் திருப்புங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். விமானத்தைத் தொடர்ந்து பின்பற்றும் ஃபோகஸ் முறையில், அடுக்கடுக்காக எடுங்கள். தொடக்கத்தில் இருபது படங்களில் ஒன்று தேறினாலே நல்ல தேர்ச்சி. பழகுவதற்குக் காட்சி நாள்வரை காத்திருக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் போகும் பேருந்துகளும் வீட்டருகே பறக்கும் பருந்துகளும் போதும். 1/320 நொடியில் தொடங்கி, கை படிந்த பின் படிப்படியாக இறங்கி வாருங்கள்.

புரொப்பல்லர் விமானங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். மெரினாவில் பறந்த பழைய டக்கோட்டா போக்குவரத்து விமானத்தை 1/200 நொடி அளவில் எடுத்தால் விசிறிகள் வட்டமாகத் தெரியும். ‘பரசுராமா’ என்று பெயரிடப்பட்ட அந்த விமானம், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டக்கோட்டாக்களின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணைத் தாங்கியிருக்கிறது. அந்த எண்ணும் படத்தில் படிக்கும்படி வரவேண்டும் என்பது என் ஆசை. ஜெட் விமானங்களுக்கு மட்டும் 1/2000 நொடி சரியானதே. மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 1/1000 நொடியில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதன் வெளியே சுழல்வதாகக் காட்டவேண்டிய உறுப்பு எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர்த் தளத்தில் சுகோய்கள் பறப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெங்களூரில் நடக்கும் விமானக் கண்காட்சியான ஏரோ இந்தியாவுக்கு அடுத்த முறை போக விரும்புகிறேன். என்னிடம் 70–300 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ளது. கடன் வாங்கியாவது 600 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டுமா? இறக்கையின் மேல் வெண்புகைபோல் திரளும் படங்களை எப்படி எடுக்கிறார்கள்?
கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: கடன் வேண்டாம். உங்கள் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் சிறிய வகையாக இருந்தால், 300 மி.மீ. லென்ஸே பெரிய சென்சார் கொண்ட முழுச் சட்டகக் கேமராவின் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்தைத் தரும். சூர்யகிரண் அணியின் ஒன்பது ஹாக் விமானங்களும் ஒன்றாக வரும்போது 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர் ஒரு பகுதியைத்தான் பிடிக்க முடியும். நீங்கள் முழு அணியையும் பிடிப்பீர்கள். மேலும், தொலைவு கூடக்கூட ஓடுபாதையிலிருந்து எழும் கானல் படத்தை நெளியச் செய்யும். அதை எந்த விலைமிக்க லென்ஸும் திருத்தாது. காலையில் வெகு முன்னதாகப் போய்ச் சேர்வதே அதற்கு மருந்து. ஐந்து நாள்களில் கடைசி இரண்டே பொதுமக்களுக்கானவை என்பதால், பறப்புக் காட்சியைப் பார்க்கும் இடத்திற்கான நுழைவுச்சீட்டை முன்பே பெற்றுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட வெண்திரள், என்ஜின் புகை அன்று. விமானம் கூர்மையாகத் திரும்பும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டினால்தான் இது தோன்றும் என்று பலர் நம்புவது சரியன்று. காற்றில் ஈரம் இருக்க வேண்டும், திருப்பம் கடுமையாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஏரோ இந்தியா நடக்கும் எலகங்கா கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. பிப்ரவரியில் அங்கே காற்று வறண்டது. எனவே ஈரம் எஞ்சியிருக்கும் காலைப் பறப்பில் முயலுங்கள். முகத்துக்கு நேரே வந்து திடீரெனச் செங்குத்தாக எழும் தருணமே ஏற்றது. அதைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினால் தாமதமாகிவிடும். மூக்கு மேலே எழத் தொடங்கும்போதே அடுக்குப் படத்தைத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசியால் எடுக்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: தனி விமானத்தை எடுக்க முயன்று ஏமாற வேண்டாம். அணி முழுவதும் வரையும் புகைக்கோலத்தையும், கடற்கரையில் அண்ணாந்து நிற்கும் மக்களையும் ஒரே சட்டகத்தில் எடுங்கள். அந்தப் படத்தை நீண்ட லென்ஸ் வைத்திருப்பவரால் எடுக்க முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியிலிருந்து விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை தெரிகிறது. காட்சி இல்லாத நாள்களில் அங்கிருந்து படமெடுத்து இணையத்தில் இடலாமா?
வாசகர், தாம்பரம்

பதில்: கூடாது. விமானப்படைத் தளங்கள் 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடங்கள் என்ற வரையறைக்குள் வருகின்றன; உங்கள் நோக்கம் வெறும் ஆர்வமே என்றாலும், கொட்டகைகளும் ஓடுபாதையும் தெரியும் படம் உங்களை விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தலாம். காட்சி நாளிலும் அனுமதியில்லாமல் டிரோனைப் பறக்கவிடாதீர்கள். தாழப் பறக்கும் விமானத்தின் என்ஜினுக்குள் அது போனால் விமானியின் உயிருக்கே ஆபத்து. உங்கள் ஊரில் 2024 அக்டோபர் 8 அன்று விமானப்படை நாள் அணிவகுப்பு நடந்ததே, அதுபோன்ற நிகழ்ச்சிகளுக்கு அழைப்போ அனுமதியோ கிடைக்குமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கேமரா கொண்டுவரலாமா, எதையெல்லாம் எடுக்கக்கூடாது என்பதை நுழையும் முன்பே வாயிற்காவலரிடம் கேட்டுவிட்டுப் பையைத் திறங்கள்.