தாந்தேயின் நரகம் பழிவாங்கும் பட்டியலா?

கேள்வி: இத்தாலியக் கவிஞர் தாந்தே, தானே நேரில் போய்ப் பார்த்ததாக ‘டிவைன் காமெடி’ காவியத்தில் எழுதிய நரகப் பயணம், நாடு கடத்தப்பட்ட ஆத்திரத்தில் தன் அரசியல் எதிரிகளையெல்லாம் பிடித்து நெருப்பில் வறுத்த பட்டியல்தானே? அதைப் போய் உலக இலக்கியம் என்று கொண்டாடுகிறீர்களே?

பதில்: பட்டியல் என்கிறீர்கள். அதில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமே.

ஆத்திரம் இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்? கையில் சிக்கினால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று 1302 மார்ச்சில் சொந்த ஊரான ஃபிளாரன்ஸ் அவருக்குத் தீர்ப்பெழுதியது. அங்கே தாந்தேயின் கோஷ்டியைக் கவிழ்த்த ஆட்சி மாற்றத்துக்குத் துணைபோனவர் போப் எட்டாம் போனிஃபேஸ். அவரை நரகத்தில் வைக்க ஒரு சிக்கல்: பயணம் நடப்பது 1300 ஈஸ்டர் சமயத்தில், போனிஃபேஸ் இறந்தது 1303இல். 19ஆம் படலத்தைப் பாருங்கள். திருச்சபைப் பதவிகளைக் காசாக்கியவர்கள் பாறைக் குழிகளில் தலைகீழாகச் செருகப்பட்டு, உள்ளங்காலில் தீ எரிய, காலை உதறிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குழியில் இருப்பவர் முந்தைய போப் மூன்றாம் நிக்கோலாஸ். ஆள் வந்து நிற்பது தெரிந்ததும், ‘அதற்குள் வந்துவிட்டாயா போனிஃபேஸ்?’ என்கிறார். உயிரோடிருப்பவருக்கு இடம் ரிசர்வ் செய்தாயிற்று! சேற்று ஆற்றில் கிடக்கும் தன் ஊர்க்காரர் ஃபிலிப்போ அர்ஜென்டியிடமும் தாந்தே தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. இதுவரை உங்கள் கட்சிக்குச் சாட்சி.

இனி மற்றவர்கள். ஃபரினாட்டா, எதிரணியான கிபெலின்களின் தலைவர். தாந்தேயின் முன்னோர் கட்சியை இருமுறை ஊரைவிட்டு விரட்டியவர். அவர் எரியும் கல்லறையிலிருந்து இடுப்பளவு நிமிர்ந்து, நரகத்தையே துச்சமாகப் பார்த்தபடி நிற்கிறார். 1260இல் மோன்டபெர்டி போரில் வென்ற கையோடு ஃபிளாரன்ஸைத் தரைமட்டமாக்க எல்லோரும் சம்மதித்தபோது, தான் ஒருவனே எதிர்த்து நின்றதை அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார் தாந்தே. புரூனெட்டோ லத்தீனியோ சொந்த அணிக்காரர், தாந்தே குருவாக மதித்தவர். அவர் தீப்பிழம்பு மழையாய் விழும் மணலில் நடக்கிறார். உயரமான கரையில் தாந்தே தலைகுனிந்தபடி கூடவே போகிறார். கணக்குத் தீர்க்க எழுதியவர் குருவை இங்கே கொண்டுவந்து நிறுத்துவானேன்?

உங்கள் ‘நெருப்பும்’ பாதிதான் சரி. அடித்தளத்தில் இருப்பது பனி. சாத்தானான லூசிஃபரின் இறக்கை வீச்சில் உறைந்துபோன ஏரி அது. நம்பியவர்களுக்குத் துரோகம் செய்தவர்கள் அதற்குள் புதைந்திருக்கிறார்கள். ஒன்பது வட்டங்களும் ஒரு வரிசையில் இறங்குகின்றன: மேலே தன்னை அடக்கத் தெரியாதவர்கள், அதற்குக் கீழே வன்முறையாளர்கள், அதற்கும் கீழே வஞ்சகர்கள். அரிஸ்டாட்டிலை ஆதாரம் காட்டி, தாந்தேக்கு வழிகாட்டியாக வரும் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இதை 11ஆம் படலத்தில் விளக்குகிறார். முதலில் அதைப் படித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தண்டனையும் கண்டபடி கொடுத்ததல்ல. வருங்காலத்தைப் பார்ப்பதாகச் சொன்ன குறிகாரர்களுக்கு முகம் பின்பக்கம் திருகியிருக்கிறது. அழுதால் கண்ணீர் முதுகு வழியே வடிகிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒரு தகப்பனும் மகனும். தகப்பன் குய்டோ டா மோன்டேஃபெல்ட்ரோ, பேர்பெற்ற போர்த்தளபதி. கடைசிக் காலத்தில் பிரான்சிஸ்கன் துறவியானவர். ‘கன்விவியோ’ என்ற முந்தைய நூலில் தாந்தே பாராட்டியவரும்கூட. எதிரிகளின் பாலஸ்ட்ரினா கோட்டையைப் பிடிக்க வழி கேட்ட போனிஃபேஸ், பாவமன்னிப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். ‘நிறைய வாக்குக் கொடு, கொஞ்சமாகக் காப்பாற்று’ என்று யோசனை சொல்கிறார் குய்டோ. செத்ததும் ஆன்மாவை அழைத்துப்போகப் புனித பிரான்சிஸ் வருகிறார். ஒரு கரிய பிசாசு குறுக்கே நிற்கிறது: வருந்தாதவனுக்கு மன்னிப்பு கிடையாது, ஒரு பாவத்தை விரும்பிக்கொண்டே அதற்காக வருந்தவும் முடியாது. ‘நான் தர்க்கம் படித்தவன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய்’ என்று கேலி வேறு. போப்பே கொடுத்த மன்னிப்பு அங்கே செல்லவில்லை.

மகன் புவோன்கான்டே, 1289இல் கம்பால்டினோ போரில் தாந்தே சண்டையிட்ட படைக்கு எதிரில் நின்றவர். அங்கேயே மாண்டார், உடல் கிடைக்கவில்லை. ஆசைப்பட்டிருந்தால் அவரைக் கொதிக்கும் ரத்த ஆற்றில் தள்ளியிருக்கலாம். தாந்தே செய்தது வேறு. புவோன்கான்டே தொண்டையில் காயத்தோடு ஆர்க்கியானோ ஆறு ஆர்னோவில் கலக்கும் இடம்வரை ஓடி, மரியாளின் பெயரைச் சொல்லி விழுகிறார். தேவதூதன் ஆன்மாவை எடுத்துக்கொள்கிறான். ‘ஒரு சொட்டுக் கண்ணீருக்காகப் பறித்துக்கொண்டு போகிறாயே’ என்று பிசாசு கத்துகிறது. ஆத்திரத்தை உடலிடம் காட்டுகிறது. மழை பெய்வித்து, வெள்ளத்தில் உருட்டி, மார்பில் சிலுவையாக மடித்திருந்த கைகளைப் பிரித்து, ஆற்று வண்டலில் புதைத்துவிடுகிறது. சிசிலி மன்னன் மான்ஃப்ரெட் கதையும் இப்படித்தான். போப்புகளின் ஜென்ம விரோதி, சபையிலிருந்து விலக்கப்பட்டவர், எலும்புகளைக்கூட எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். அவருக்கும் மோட்சம் உறுதி, தாமதமாக.

புவோன்கான்டே, மான்ஃப்ரெட் இருவரையும் நீங்கள் சந்திக்காததற்குக் காரணம் எளிது. அவர்கள் இருப்பது மோட்சத்துக்குமுன் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது காவியத்தின் இரண்டாம் காண்டத்தில். நூறு படலங்களில் நரகத்துக்கு 34 மட்டுமே. பெரும்பாலோர் அதோடு மூடிவைத்துவிடுகிறார்கள். நரகம்தான் சுவாரஸ்யம் என்ற பேச்சும் அப்படித்தான் கிளம்பியது.

இன்னொன்று: நடக்கும் தாந்தேயையும் எழுதும் தாந்தேயையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 5ஆம் படலத்தில் பிரான்செஸ்காவின் காதல் கதை கேட்டு மயங்கி விழுபவர், 33ஆம் படலத்தில் துரோகி ஆல்பெரிகோவின் கண்ணில் உறைந்த பனியை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு எடுக்காமல் போகிறார். வழி நெடுக அவர் மாறிக்கொண்டே போகிறார். அந்த மாற்றம் சரியா தவறா என்று உரைகாரர்களே அடித்துக்கொள்கிறார்கள். கேட்பதானால் அதைக் கேட்டிருக்கலாம்.

நரகம் 4,720 வரி. அதை முடித்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். புவோன்கான்டே வரை போக இன்னும் 700 வரிகூட இல்லை. படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.